அத்தைக்குத் தெரிந்த நோய்

என் மாமியார் தினமும் காலையில் என் மகனைச் சமையலறைச் சன்னல் பக்கம் கூட்டிப்போய், முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, அவன் கண்களைப் பார்ப்பார். அவனுக்கு அப்போது மூன்று வயது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குத்தான் காலை வெயில் நேராக வரும். இமையைக் கட்டைவிரலால் விலக்கி, கண்ணின் வெள்ளைப் பகுதியை ஓரம்வரை பார்த்துவிட்டு, "போ ராசா, ஓடு" என்று விட்டுவிடுவார். ஓடு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். அவன் ஓடமாட்டான். கால்களை அகட்டி வைத்து, ஒரு பக்கம் சாய்ந்து, சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் நடப்பான்.

எதற்கு இப்படிப் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ரத்தம் இருக்கா, வெளுத்துக் கெடக்கான்னு பாக்குறேம்மா" என்றார். நம்பினேன். அவர் எனக்கு மாமியார் மட்டுமில்லை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. எனக்கு எட்டு வயதில், என்னையும் தம்பியையும் விட்டு அம்மா இறந்த பிறகு எனக்குப் பேன் பார்த்துத் தலை பின்னிவிட்ட கை அது. அத்தை சொன்னால் சரி என்றே வளர்ந்தவள் நான்.

அத்தை மகனைக் கட்டிக்கொள்வதில் எனக்கு அன்றைக்கு ஒரு மனக்குறையும் இல்லை. சின்ன வயதிலிருந்தே "உன் மாப்பிள்ளை வர்றான் பாரு" என்று கேலி செய்து எல்லோரும் அதைப் பாதி நடத்தி வைத்திருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மீதியும் நடந்தது. எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். அத்தை மகன் நம் வழக்கத்தில் உரிமைக்காரன், திருச்சபைச் சட்டத்திலோ தடை. அதற்கு மேற்றிராணியாரிடம், அதாவது ஆயரிடம், விலக்கு வாங்கினால்தான் கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். விலக்குக்காக அப்பா, அத்தை, நான், அத்தை மகன் நால்வரும் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனோம்.

சாமியார் நல்ல மனிதர், ஆனால் துருவுகிறவர். "ரத்த சொந்தம். குடும்பத்துல நோய்நொடி, பிள்ளைங்களுக்கு ஏதும் குறை, அப்படி உண்டா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "ஒண்ணும் இல்ல சாமி. எல்லாம் தேக்கு மரம்" என்று அப்பா சிரித்தார். அத்தை தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பெண் கேட்டு வந்தவர் அடக்கமாக இருக்கிறார் என்று நான் நினைத்தேன். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று மூன்று ஞாயிறும் கேட்டார்கள். அப்பா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தையும் தன் தாய்மாமன் மகனைக் கட்டியவர்தான். கணவர் இறந்ததும், ஐம்பதுகளில், அண்ணன் இருக்கிறார் என்று மகனோடு கப்பல் ஏறிச் சிங்கப்பூருக்கு வந்தார். ஒரே பிள்ளை என்றுதான் எல்லோரிடமும் சொல்வார். நானும் அதைப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன், எனக்கு நாத்தனார் தொல்லை இல்லை என்று பெருமையாக.

என் மகன் பிறந்தபோது நல்ல எடை. குப்புற விழுந்தான், தவழ்ந்தான், எல்லாம் காலத்தோடு நடந்தது. ஒன்றரை வயதில் நடக்கத் தொடங்கினான். அந்த நடை மட்டும் தேறவே இல்லை. மற்றப் பிள்ளைகள் இரண்டு மாதத்தில் தாண்டிவிடும் தள்ளாட்டம் இவனுக்கு அப்படியே நின்றது. கூடவே சளி. ஒரு சளி வடிந்து முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். காதில் சீழ், பிறகு நெஞ்சில் கபம், பிறகு மறுபடியும் காது. பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஆட்டுக்கால் சூப் கொடு, நல்லெண்ணெய் தேய், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எல்லாவற்றையும் செய்தேன்.

அத்தை மட்டும் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. தேக்காச் சந்தைக்குப் போனவர் ஒருநாள், அடி அகலமான, இரண்டு பக்கமும் காது வைத்த அலுமினியக் குவளை ஒன்றை வாங்கி வந்தார். "இது எதுக்கு அத்த? அவன்தான் நல்லா டம்ளர் புடிக்கிறானே" என்றேன். "இருக்கட்டும், ஒதவும்" என்றார். அவன் கை நடுங்கத் தொடங்கியது அதற்குப் பல மாதம் கழித்துத்தான். முறுக்கு, நிலக்கடலை எல்லாவற்றையும் அவன் கண்ணில் படாமல் நிறுத்தினார். சோற்றை நன்றாகக் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, தலையை முன்பக்கம் குனிய வைத்து ஊட்டினார். நிமிர்த்தி ஊட்டினால் புரையேறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குப் புரையேறத் தொடங்கும் முன்பே தெரிந்திருந்தது. என்ன பொறுப்பான அத்தை என்று பூரித்துப்போனேன்.

அவனுக்கு லிஃப்ட் பொத்தானைத் தானே அழுத்த வேண்டும். வேறு யாராவது அழுத்திவிட்டால் கீழே உட்கார்ந்துவிடுவான். விரலை நீட்டுவான், விரல் பொத்தானுக்கு இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போகும். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வேலைக்கு நேரமானாலும் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு நிற்பார். அழுத்தியதும் மகன் எங்கள் எல்லோரையும் திரும்பிப் பார்ப்பான், ஏதோ விமானத்தைக் கிளப்பிவிட்டவன் போல. அந்த லிஃப்ட்டும் எங்கள் தளத்தில் நிற்காது. மேலே போய் இறங்கி, ஒரு மாடி படியில் அவனைத் தூக்கி வரவேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டாவது குழந்தை என்ற பேச்சு எழுந்தது. இரண்டோடு நிறுத்துங்கள் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்த காலம். எங்கள் வீட்டில் ஒன்றோடு நின்றிருந்தது. எனக்கு ஆசை இருந்தது, அதை மறைக்க மாட்டேன். எனக்குப் பிறகு அவனுக்கு யார் என்ற பயம் ஆசையைவிடப் பெரிதாக இருந்தது. அதே சமயம், இன்னொரு பிள்ளைக்கும் இப்படி வந்துவிடக் கூடாதே என்ற பயமும் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பெறக்கூடாது என்று முடிவு செய்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் என் மகனைப் பார்த்துவந்த டாக்டரிடம் நானும் என் கணவரும் போனோம்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, கறாரானவர். நான் கேட்டதும், நீங்கள் இருவரும் ரத்த உறவா, உங்கள் இரண்டு குடும்பத்திலும் வேறு எந்தக் குழந்தைக்காவது இப்படி இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "நோ டாக்டர். நோ ரிலேஷன். நோபடி" என்றார்.

அப்படியானால் பிரசவ நேரத்தில் மூளைக்கு ஏதோ பாதிப்பு ஏற்பட்டிருக்கலாம், அடுத்ததற்கும் வரும் என்று நினைக்கக் காரணம் இல்லை, பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். "ஏங்க சொந்தம் இல்லன்னு சொன்னீங்க?"

"சீனவங்களுக்கு நம்ம பழக்கம் புரியாதுலா. அண்ணன் தங்கச்சி கட்டிக்கிட்ட மாதிரி பாப்பாங்க. ஷேம் லா."

அதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. மின்னணு ஆலையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை செய்த பெண்ணிடம், என் கணவர் அப்பாவின் தங்கை மகன் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையும், பிறகு கேண்டீனில் நாலு பேர் திரும்பிப் பார்த்ததும் எனக்கு நினைவிருந்தது. வேறு குழந்தை யாருக்கும் இல்லை என்பதோ சத்தியமான உண்மை என்றே நினைத்தேன். டாக்டரின் வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த வருடம் வயிற்றில் குழந்தை.

ஆறாம் மாதம் தாண்டியிருந்தது. காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, படியேறி உள்ளே நுழைந்தேன். அத்தை சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை. மகன் அவர் மடியில் சாய்ந்து பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"வந்துருச்சு" என்றார் அத்தை.

"என்ன வந்துருச்சு?"

"கண்ணுல நூலு."

அவனைச் சன்னலுக்குத் தூக்கிப்போய்ப் பார்த்தேன். என் வேலையே நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிலிக்கான் சில்லில் ஒட்டுவது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று ஒரு மிதப்பும் உண்டு. அவன் இரண்டு கண்களிலும், கருவிழியின் பக்கத்திலிருந்து ஓரத்தை நோக்கி, சிவப்பாக நாலைந்து மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து போயின. கண்வலி என்றால் கண் முழுக்கச் சிவக்கும், பீளை கட்டும். இது அப்படி இல்லை.

"மருந்து விட்டாப் போயிரும் அத்த" என்றேன்.

"போகாது. இனிமே போகாது."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அத்தை அவன் வாயோரத்தை முந்தானையால் துடைத்தார். மறுபடி கேட்டேன், குரலை உயர்த்திக் கேட்டேன். "எம் மவளுக்கும் இப்படித்தான் வந்துச்சு" என்றார்.

"ஒங்களுக்கு ஏது மக?"

இருந்திருக்கிறாள். என் கணவருக்கு மூத்தவள். ஒன்றரை வயதில் நடந்து, மூன்று வயதில் தள்ளாடி, பிறகு கை நடுங்கி, ஐந்து வயதில் கண்ணில் நூல் ஓடி, பேச்சுக் குழறி, பத்து வயதில் நெஞ்சில் கபம் கட்டி இறந்திருக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது, அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்த என் அப்பா. இவ்வளவையும் அத்தை அழாமல் சொன்னார். நான்தான் பக்கத்தில் இருந்த அரிசி வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே இருக்கும் பிள்ளை அப்போது பார்த்து உதைத்தது.

கணவர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். அவர் மறுக்கவில்லை. அக்கா விழுந்தால் தூக்கிவிடுவதுதான் ஊரில் தன் வேலை என்றார். அக்கா போனபோது அவருக்கு ஆறு வயது.

"அம்மா யார்ட்டயும் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கப்பல்ல வரும்போதே சத்தியம் வாங்கிட்டாங்க."

"டாக்டர்ட்டயுமா?"

"டாக்டர்ட்ட சொன்னா ஒனக்குத் தெரிஞ்சிரும்ல" என்றார்.

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து எனக்குப் பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், நானும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை. அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவவும் இல்லை.

மறுநாள் ஆலைக்கு மட்டம் போட்டுவிட்டு, மகனைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் டாக்டரிடம் போனேன். எங்கள் சொந்தத்தைச் சொன்னேன். இறந்துபோன பெண்ணைப் பற்றிச் சொன்னேன். "உங்கள் கணவர் இல்லை என்றாரே" என்றார் டாக்டர். "பொய் சொன்னார்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். பிறகு மகனின் கண்ணைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், சோதனைகள் நடந்தன. சில வாரங்களில் நோய்க்கு ஒரு நீளமான பெயர் கிடைத்தது.

எனக்குப் புரியும்படிதான் விளக்கினார். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை அங்கே போய்த்தான் முதிர்கிறது. என் மகனுக்கு அந்தச் சுரப்பி சரியாக வளரவே இல்லை. அதனால்தான் ஓயாத சளியும் காதில் சீழும். தலையின் பின்பக்கம் கீழே இருக்கும் சிறுமூளையில், நடையையும் கையையும் பேச்சையும் நிதானத்தில் வைக்கும் உயிரணுக்கள் ஒவ்வொன்றாக மடிந்துகொண்டிருக்கின்றன. அதனால்தான் தள்ளாட்டம்.

"நெஞ்சு ஒரு இடம், தலை ஒரு இடம். இரண்டும் ஏன் சேர்ந்து கெடுகிறது?" என்று கேட்டேன். இரண்டுக்கும் காரணம் ஒரே மரபணுவில் இருக்கும் பிழை, அது எந்த மரபணு என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றார்.

தொண்ணூறுகளில் அதைக் கண்டுபிடித்தபோது என் மகன் உயிரோடு இல்லை. ஆனாலும் தேடித் தேடி வாசித்தேன். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இருக்கும் மரபு இழை அவ்வப்போது அறுந்துபோகும். அறுந்ததைக் கண்டுபிடித்து, சரிசெய்யும்வரை மற்ற வேலையை நிறுத்தி வைப்பது இந்த மரபணுவின் பொறுப்பு. எங்கள் ஆலையில் ஒரு கம்பி அறுந்திருந்தால்கூட மொத்த வரிசையையும் நிறுத்தச் சொல்லும் சோதனைக்காரி ஒருத்தி உண்டு. அவள் வேலைக்கு வராத ஆலை என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளணுக்களோ வளரும்போது வேண்டுமென்றே தம் இழையை வெட்டி, மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. அப்படிச் செய்தால்தான் வேறு வேறு கிருமிகளை அவற்றால் அடையாளம் காண முடியும். பார்க்க ஆளில்லாத இடத்தில் வெட்டியது ஒட்டாமல் போகிறது, வெள்ளணு தேறுவதில்லை. சிறுமூளை அணுக்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் மடிகின்றன என்பதை இன்னும் முழுசாகத் தெரிந்துகொள்ளவில்லை என்றே எழுதியிருந்தார்கள்.

அன்றைக்கு டாக்டர் சொன்னதில் முக்கியமானது வேறு. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதியாக வருகிறது, தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்பா, அத்தை, என் கணவர், நான் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள். பழுதைச் சுமந்துகொண்டு தேக்கு மரமாக நின்றவர்கள். ஒரே தாத்தா வீட்டிலிருந்து வந்த இரண்டு பழுதும் ஒரு பிள்ளையிடம் சேரும்போதுதான் நோய். எங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். வயிற்றில் இருப்பதைச் சோதித்துச் சொல்ல அன்றைக்கு வழி இல்லை. பிறந்து, வளர்ந்து, நடக்கும்போதுதான் தெரியும்.

வேண்டாம் என்று முடிவெடுக்கும் காலமும் தாண்டிவிட்டிருந்தது. முன்பே தெரிந்திருந்தால் அப்படி எடுத்திருப்பேனா, கோவிலில் முழங்காலிட்டு அழுதுவிட்டுப் பெற்றிருப்பேனா, அல்லது கருத்தரிக்காமலே இருந்திருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி என்னுடையது. அதை நான் கேட்டுக்கொள்வதற்கு முன்னால் மூன்று பேர் கூடி எனக்காக முடித்துவிட்டார்கள்.

அப்பாவைத் தேடிப் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஞாயிறு மாலையில் ஃபேரர் பார்க் திடலில் பந்தாட்டம் பார்ப்பது அவர் வழக்கம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, அத்தைக்கு ஒரு மக இருந்தாளா?"

"யாரு சொன்னா?" என்றார், திடலைப் பார்த்தபடியே.

"யாரு சொன்னான்னுதான் கேக்குறீங்க. இல்லன்னு சொல்ல மாட்டேங்குறீங்க."

கையிலிருந்த நிலக்கடலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே பேசினார். "புருசனும் போயி, பிள்ளையும் போயி வந்தவ. ஒத்த மவன். வெளிய பொண்ணு தேடினா ஊர்ல விசாரிப்பாங்க. விசாரிச்சா எவன் குடுப்பான்? எங்கிட்ட வந்து அழுதா. எந் தங்கச்சி அழுதா நான் என்ன செய்ய?"

"நான் ஒங்க மகப்பா."

"அதனாலதான் ஒன்னையக் குடுத்தேன். வேற யாரு மகள நான் கேக்க முடியும்?" என்றார். "ஒரே வீட்ட ஆண்டவர் ரெண்டு தடவ அடிப்பாருன்னு நான் நெனைக்கல."

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்ந்த வேலி என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அழுவதைப் பார்க்கப் பிடிக்காமல், அந்தக் கச்சான் பொட்டலத்தை நீட்டியது. தட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் அப்பாவின் கையைத் தட்டிவிட்டது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன்.

கோபித்துக்கொண்டு எங்காவது போயிருக்கலாம்தானே என்று கேட்பவர்கள், நோயாளிப் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனதில்லை. நான் ஆலைக்குப் போனால்தான் வீடு ஓடும். நான் போனால் மகனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவனுக்கு எப்படி ஊட்டுவது, விழுந்தால் எப்படிப் பிடிப்பது, மூச்சு எப்போது திணறும் என்பதெல்லாம் இந்தச் சிங்கப்பூரிலேயே ஒருத்திக்குத்தான் தெரியும். என்னை ஏமாற்றியவளிடமே என் பிள்ளையைத் தினமும் கொடுத்துவிட்டுப் போனேன். எண்பதுகளின் கடைசியில் அவன் நெஞ்சுச் சளியில் இறக்கும்வரை அத்தை அவனுக்கு ஒரு குறை வைத்ததில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியும். வாய் வரவில்லை.

மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். மாதாகோவிலில் ஞானஸ்நானம் கொடுத்தோம். எல்லோரும் முத்தம் கொடுத்தார்கள். நான் அவள் நடப்பதற்காகக் காத்திருந்தேன், நடக்கப் போகிறாளே என்று பயந்துகொண்டும் இருந்தேன். நிற்கத் தொடங்கியதும் ராத்திரி தூக்கம் போயிற்று. அவள் கையை விட்டு முதல் அடி வைத்தபோது வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தாள். எல்லாப் பிள்ளையும் விழும். அது எந்த விழுகை என்று எனக்கு எப்படித் தெரியும்? அத்தை ஒரு காலை அவளைச் சன்னலுக்குக் கூட்டிப்போனார். ஓடிப்போய்ப் பிள்ளையைப் பறித்துக்கொண்டேன். "இவளத் தொடாதீங்க" என்றேன். அத்தை கையை இறக்கிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் மார்சிலிங்கில் கீழ்த்தளத்து வீடு கிடைத்தது. படி ஏற முடியாத மகனுக்காக அத்தனை தூரம் வடக்கே குடிபோனோம். அங்கே நீளமான வராந்தா. மகள் அதில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். கால் பின்னவில்லை. அண்ணனின் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அவனையும் சிரிக்கவைத்து ஓடினாள். இரண்டு வயது நெருங்கும்போது டாக்டர் அவள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இவளுக்கு நோய் இல்லை என்றார். ஆனால் பழுதின் ஒரு பிரதி இவளிடமும் இருக்கலாம், உங்கள் தம்பியிடமும் இருக்கலாம், இனிமேலாவது சொந்தத்தில் கட்டிக்கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார். அன்றைக்கே அப்பாவையும் கணவரையும் அத்தையையும் உட்காரவைத்து அதைச் சொன்னேன். மூவரும் தலையாட்டினார்கள்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அப்பாவும் என் தம்பி குடும்பமும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். மகன் மருந்து குடித்துவிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆட்டுக்கறி சமைத்திருந்தேன். பல வருடத்துக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மகள் ஓடிவந்து அப்பாவின் மடியில் ஏறினாள். தம்பியின் மகனுக்கு நாலு வயது, பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டு லாரியை உருட்டிக்கொண்டிருந்தான். அப்பா அவன் கையைப் பிடித்து இழுத்து, என் மகளின் கைமேல் வைத்தார்.

"என்னடா, ஒன் பொண்டாட்டியப் பாரு, எப்படி ஓடுறா! இவ ஒனக்குத்தான். மாமன் மவன் இருக்க வெளிய போவோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் சிரித்தார். தம்பி சிரித்தான். அத்தைகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாலு வயதுப் பயல் வெட்கப்பட்டு லாரிக்குப் பின்னால் முகத்தை மறைத்தான். நான் கறிச்சட்டியோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பா, அத்தை மக பேரு என்னப்பா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தார். "நல்ல நாள்ல அதையெல்லாம் எடுக்காத. அவ மனசு நோகும்" என்றார் தணிந்த குரலில்.

சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, என் பிள்ளையை அவர் மடியிலிருந்து தூக்கிக்கொண்டேன்.

தம்பி மனைவி வெளியிலிருந்து வந்தவள், நாகப்பட்டினத்துக் கதை எதுவும் அறியாதவள். அவள் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் மகனை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"எந்த மக? சொல்லுங்க அண்ணி" என்றாள்.

"வேணாம்மா" என்றார் அப்பா.

சொன்னேன்.